வெயிலை நம்பி நாற்றை வெளியே வைக்காதீர்கள்: தோட்டக் கேள்வி பதில்

பனி உருகி நாலு நாள் வெயில் அடித்ததும் எல்லோருக்கும் கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது என்று கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. செடி விற்பனையும் சரியாக இதே நேரத்தில்தான் தொடங்குகிறது, அதனால் பாதிக் கேள்விகள் "வாங்கலாமா", மீதிப் பாதி "வாங்கிவிட்டேன், இப்போது என்ன செய்வது". ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பகலில் 18 டிகிரி வரை போகிறது. கடையிலும் தக்காளி நாற்றை வெளியிலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் நடலாம் என்றுதானே அர்த்தம்?

இல்லை. விற்கலாம் என்று அர்த்தம். அந்த நாற்று நேற்றுவரை பசுமைக்குடிலுக்குள் சொகுசாக வளர்ந்தது, இன்று பகலில் உங்கள் கண்ணில் படுவதற்காக வெளியே வந்திருக்கிறது, மாலையில் ஒன்று உள்ளே போய்விடும், இல்லையென்றால் அதன்மேல் துணி விழும். உங்கள் வீட்டுப் பாத்தியில் நட்டால் அதற்கு அந்தக் கவனிப்பு கிடையாது.

தக்காளிக்குப் பகல் வெயில் முக்கியமில்லை, இரவுதான் முக்கியம். இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் தொடர்ந்து சில நாட்கள் இருக்க வேண்டும், மண்ணும் 15 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். மண்ணின் சூட்டைக் காற்றை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அது வாரக்கணக்கில் பின்தங்கித்தான் வரும். மண்ணில் செருகும் வெப்பமானி ஒன்று வாங்கி, காலையில், 10 செ.மீ. ஆழத்தில் பாருங்கள். மத்தியானத்தில் பார்த்தால் மேல்மண்ணின் சூடு உங்களை ஏமாற்றும். கத்தரி, மிளகாய், வெள்ளரி, துளசி வகைகள் எல்லாம் இதே கட்சிதான், சொல்லப்போனால் தக்காளியைவிட இன்னும் செல்லம்.

நான் தோட்டம் போட்ட முதல் வருடம் இதே மாதிரி ஒரு வெயிலைப் பார்த்து மயங்கி 12 நாற்று நட்டேன். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் வேகவைத்த கீரை மாதிரி ஒன்பது செடி படுத்துக் கிடந்தது. மிச்சம் மூன்று பிழைத்தன, ஆனால் மூன்று வாரம் கழித்துப் பக்கத்து வீட்டில் நட்ட செடிகள் அவற்றை ஒரே மாதத்தில் முந்திவிட்டன. குளிரில் நின்ற செடி சாகாவிட்டாலும் முறைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

கேள்வி: வானிலை அறிக்கையில் 3 டிகிரி என்றுதான் சொன்னார்கள். பூஜ்யத்துக்குக் கீழே போகவே இல்லை. ஆனாலும் செடி கருகிவிட்டதே, எப்படி?

அறிக்கையில் சொல்வது தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் காற்றின் வெப்பம். உங்கள் செடி அங்கே இல்லை, தரையில் இருக்கிறது. மேகமில்லாத, காற்றும் இல்லாத இரவில் மண்ணும் இலையும் தங்கள் சூட்டை நேராக வானத்துக்குக் கொடுத்துவிடும், அப்போது தரையோடு இருக்கும் இலை மேலே உள்ள காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்துவிடும். அதனால் அறிக்கையில் 3, 4 என்று வந்து, இரவு வானம் நட்சத்திரமாக மின்னிக்கொண்டிருந்தால் அன்றைக்குத்தான் செடியைப் போர்த்த வேண்டும். மேகம் மூடியிருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி ஓடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சரிவான தோட்டத்தில் கீழ் மூலையில் இருக்கும் செடிதான் முதலில் போகும். சரிவின் குறுக்கே அடைப்பான வேலி இருந்தால் வேலிக்கு மேல்பக்கம் காற்று தேங்கி நிற்கும், அங்கேயும் வேண்டாம்.

போர்த்துவதற்குப் பழைய படுக்கை விரிப்பு போதும். பொழுது சாய்வதற்குள் போர்த்துங்கள், விளிம்பு தரையைத் தொட வேண்டும், ஏனென்றால் நாம் பிடித்து வைக்கப் பார்ப்பது மண்ணிலிருந்து வரும் சூட்டைத்தான். தண்டில் மட்டும் முடிச்சுப் போட்டுக் குடை மாதிரி நிறுத்தினால் பயனில்லை. பிளாஸ்டிக் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடமெல்லாம் கருகும். மண் காய்ந்திருந்தால் அன்று பகலிலேயே தண்ணீர் ஊற்றிவிடுங்கள், ஈரமண் சூட்டை அதிகமாகத் தேக்கி வைக்கும். காலையில் விரிப்பை எடுக்க மறக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். "கடைசி உறைபனித் தேதி" என்று எல்லா இடத்துக்கும் ஒரு தேதி சொல்வார்கள், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த நாளே நடுபவர்கள் நிறைய. பெரும்பாலும் அது பல வருடங்களை வைத்துப் போட்ட சராசரி. அதாவது ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு வருடம் அந்தத் தேதிக்குப் பிறகும் உறைபனி விழும். பாதிக்குப் பாதி பந்தயம் அது. நான் மேலும் இரண்டு வாரம் தள்ளித்தான் நடுகிறேன்.

கேள்வி: அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமா?

யார் சொன்னது? பட்டாணி, பசலை வகைகள், லெட்யூஸ், முள்ளங்கி, அகன்ற அவரை, வெங்காய நாற்று எல்லாம் குளிரிலேயே போகும். மண் 5 டிகிரியைத் தாண்டினாலே இவை முளைக்கத் தொடங்கும், ஆனால் அவசரப்பட்டதற்குப் பெரிய லாபம் இருக்காது. பட்டாணி 5 டிகிரி மண்ணில் தலைகாட்ட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், 10 டிகிரியில் இரண்டே வாரம். முன்னால் போட்டவரும் பின்னால் போட்டவரும் கடைசியில் ஒன்றாகத்தான் பறிப்பார்கள். சாதாரண பீன்ஸை மட்டும் இந்தக் கூட்டத்தோடு சேர்க்காதீர்கள், குளிர்ந்த ஈரமண்ணில் அந்த விதை அழுகிவிடும்.

எதைப் போடுவதற்கு முன்பும் மண் பதமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கைப்பிடி எடுத்து உருண்டை பிடித்து, கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் மண்வெட்டியை எடுக்கலாம். பளபளவென்று களி மாதிரி அமுங்கினால் வைத்துவிட்டு வீட்டுக்குள் போங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். நாற்றைக் குளிரில் கொன்றால் ஒரு நாற்று போகும், ஈரக் களிமண்ணைக் கொத்தி மிதித்தால் மண்ணுக்குள் இருக்கும் காற்றிடம் எல்லாம் நசுங்கி, காய்ந்ததும் செங்கல் மாதிரிக் கட்டிவிடும், அந்த வருடம் முழுக்க வேர் அதற்குள் போராடும். பாத்திக்குள் கால் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நில்லுங்கள். ஈரமாக இருக்கும் புல்தரைக்கும் இதேதான்.

குளிர்காலத்தில் மண் உறைந்து உறைந்து இளகியதில் சில செடிகள் வேரோடு மேலே தள்ளப்பட்டிருக்கும், முக்கியமாகப் போன இலையுதிர் காலத்தில் நட்டவை. சுற்றி வந்து மெதுவாக அழுத்தி உட்கார வையுங்கள். மூடாக்கு போடுவதற்கு மட்டும் அவசரம் வேண்டாம், சூடேறாத மண்ணை மூடினால் குளிரையும் சேர்த்து மூடியதாகிவிடும்.

கேள்வி: செடி விற்பனைக்குப் போனால் எதைப் பார்த்து வாங்குவது? பூத்துக் குலுங்கும் செடிதான் ஆரோக்கியமானது என்று எடுத்து வருகிறேன், வீட்டுக்கு வந்ததும் வாடிவிடுகிறது.

அந்தப் பூதான் உங்களை ஏமாற்றியது. சின்னத் தொட்டியில் பூத்து நிற்கும் செடி, முக்கியமாக ஒரு பருவம் மட்டும் வாழும் வகைகள், தன் சக்தி முழுவதையும் மேலே செலவழித்துக்கொண்டிருக்கும். புது மண்ணில் வேர்விட அதனிடம் மிச்சம் இருக்காது. உயரமாக, பூவோடு இருப்பதை விட்டுவிட்டு, குட்டையாக, தண்டு தடிமனாக, அடியிலிருந்தே கிளைத்து, மொட்டு மட்டும் இருப்பதை எடுங்கள். தக்காளி நாற்றில் ஏற்கெனவே பூவும் பிஞ்சும் இருந்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை, கிள்ளிப் போட்டுவிட்டு நடுங்கள்.

அப்புறம் தொட்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள். துளை வழியாக ஒன்றிரண்டு வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்லது. தடிமனான வேர்கள் பின்னிக்கொண்டு வெளியே தொங்கினால் அது அந்தத் தொட்டியில் ரொம்ப நாள் குடியிருந்துவிட்டது. மண்ணின் மேல் பச்சைப் பாசி படிந்திருந்தாலும் அதே கதைதான். முடிந்தால் விற்பவரிடம் கேட்டுவிட்டு, தண்டை விரலிடுக்கில் பிடித்துத் தொட்டியைக் கவிழ்த்து மெல்ல உருவிப் பாருங்கள். வேர் மண்ணைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும், ஆனால் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றிப் பாய் பின்னியிருக்கக் கூடாது. இன்னொரு பக்கம், பெரிய தொட்டியில் நேற்றுத்தான் மாற்றி வைத்த சின்னச் செடியும் உண்டு. உருவும்போது மண் முழுக்க உதிர்ந்தால் நீங்கள் காசு கொடுப்பது மண்ணுக்கு.

பழுப்பாகி, கொழகொழவென்று, நாற்றம் அடிக்கும் வேர் என்றால் பேசாமல் திருப்பி வைத்துவிடுங்கள். இலையின் மேல்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அசுவினியும் வெள்ளை ஈயும் அங்கேதான் இருக்கும். ஒரு செடியில் இருந்தால் பக்கத்துச் செடியிலும் இருக்கும்.

ஆனால் பல்லாண்டுச் செடிகளுக்கு இந்தக் கண்டிப்பு கொஞ்சம் தளரும். விற்பனை முடியும் நேரத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிடும், வேர் சுற்றிய, இலை அசிங்கமான பல்லாண்டுச் செடிகளை நான் சந்தோஷமாக வாங்குவேன். வேர்க்கட்டியைப் பக்கவாட்டில் நாலு இடத்தில் கத்தியால் கீறி, சுற்றிய வேரைப் பிரித்துவிட்டு நட்டால் பெரும்பாலும் அடுத்த வருடம் அடையாளமே தெரியாமல் தேறிவிடும். மரக்கன்றுக்கு மட்டும் இந்தத் தாராளம் கிடையாது. சின்ன வயதில் சுற்றிய வேர் பத்து வருடம் கழித்துத் தண்டையே இறுக்கி நெரிக்கும்.

பெயர்ச்சீட்டில் தாவரவியல் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கமும் வேண்டும். "ஜெரேனியம்" என்று விற்பதில் பாதி உண்மையில் பெலார்கோனியம், ஒரு உறைபனியில் ஆள் காலி. உண்மையான ஜெரேனியம் பல வகைகள் கடுங்குளிரையும் தாங்கி வருடா வருடம் முளைத்து வரும். பெயர் ஒன்று, விதி வேறு.

கேள்வி: தோட்டச் சங்கத்தினர் தங்கள் தோட்டத்திலிருந்து பிரித்து எடுத்த செடிகளை மலிவாக விற்கிறார்கள். கடையைவிட அது மேல் இல்லையா?

பல வகையில் மேல்தான். அந்தச் செடி உங்கள் ஊர்க் குளிரைப் பல வருடம் பார்த்தது, விற்பவரும் பெரும்பாலும் அதை வளர்த்தவர், எவ்வளவு உயரம் வரும், நிழல் தாங்குமா என்று கேட்டால் உண்மையைச் சொல்வார். கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "இதை ஏன் இவ்வளவு கொடுக்கிறீர்கள்?" மேசை முழுக்க ஒரே செடி நாற்பது தொட்டியில் இருந்தால் அது பிடித்த இடத்தை விடாத செடியாக இருக்க வாய்ப்பு அதிகம். புதினாவைத் தொட்டியோடு வைத்தால் சமாளிக்கலாம். ஏகோபோடியம் என்று ஒன்று உண்டு, வெள்ளை விளிம்போடு அழகான இலை, மண்ணுக்கடியில் ஓடும் வேர்த்தண்டில் விரல்நீளத் துண்டு மிஞ்சினாலும் மறுபடி கிளம்பும். இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மண்ணோடு வரும் விருந்தாளிகளும் உண்டு, களை வேர், நத்தை முட்டை இப்படி. வட அமெரிக்காவில் இருப்பவர்களுக்குக் கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து பரவிய குதிக்கும் மண்புழு பெரிய தலைவலி. தொட்டால் பாம்பு மாதிரி துள்ளும், மேல்மண்ணைக் காப்பித்தூள் சக்கை போல ஆக்கிவிடும். பெரிய புழு குளிரில் செத்தாலும் அதன் முட்டைக்கூடு மண்ணில் தப்பிவிடும், அதுவும் கடுகு மாதிரி சின்னது, மண்ணுக்குள் எளிதில் கண்ணில் படாது. இதனால்தான் அங்கே சில சங்கங்கள் வேரைக் கழுவி, மண் இல்லாமலே விற்கிறார்கள். உங்களுக்கு மண்ணோடு வந்தாலும் நீங்களே ஒரு வாளியில் அலசிவிட்டு நடலாம். அலசிய தண்ணீரையும் மண்ணையும் பாத்தியில் கொட்டிவிடாதீர்கள், அப்புறம் அலசி என்ன பயன்.

கேள்வி: பெயர்ச்சீட்டில் "மண்டலம் 5" என்று போட்டிருக்கிறது. நான் இருப்பது மண்டலம் 6. அப்படியானால் இப்போதே வெளியே வைக்கலாமா?

அந்த எண்ணுக்கும் இப்போது வைக்கலாமா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. அது அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கு. ஓர் இடத்தில் ஒவ்வொரு வருடமும் பதிவாகும் மிகக் குறைந்த குளிரைப் பல வருடத்துக்குச் சராசரி எடுத்து 13 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். மண்டலம் 5 என்றால் அந்தச் சராசரி சுமார் மைனஸ் 29 முதல் மைனஸ் 23 டிகிரி வரை. அந்தச் செடி, வேரூன்றிய பிறகு, தூக்கத்தில் இருக்கும்போது, அவ்வளவு குளிரைத் தாங்கும் என்றுதான் சீட்டு சொல்கிறது. பசுமைக்குடிலில் துளிர்விட்டு இளம் இலையோடு வந்த அதே செடி லேசான உறைபனியிலும் கருகலாம். வசந்தத்தில் உறைபனி எப்போது நிற்கும், கோடை எவ்வளவு சூடு, எதையும் அந்த எண் சொல்லாது. தொட்டியிலேயே வருடம் முழுக்க வைக்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் எண்ணைவிட இரண்டு குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள், தொட்டிக்குள் வேர் நாலா பக்கமும் குளிரும்.

கேள்வி: ஜன்னலோரம் விதைத்த நாற்றுகள் நூல் மாதிரி நீண்டு சாய்கின்றன. சில அடித்தண்டு கறுத்து மடிந்து விழுகின்றன.

இரண்டும் வேறு வேறு. நீளுவதற்குக் காரணம் வெளிச்சம் போதாதது, சூடு அதிகம். விளக்கு போட முடிந்தால் நாற்றுக்குக் கொஞ்சம் மேலேயே தொங்கவிட்டு ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரிய விடுங்கள். முளைத்த பிறகு அறையின் சூட்டையும் குறைக்கலாம். தக்காளி நீண்டுவிட்டால் கவலையில்லை, முதல் இலைகள்வரை ஆழமாகப் புதைத்து நடுங்கள், புதைத்த தண்டெல்லாம் வேர்விடும். வெள்ளரி, பூசணியை அப்படிப் புதைத்தால் அழுகும். அடித்தண்டு கறுப்பது நாற்றழுகல் நோய், ஈரம் தேங்கி காற்று ஓடாததால் வரும் பூஞ்சணம். விழுந்தது பிழைக்காது. மேலே தெளிப்பதை நிறுத்தி அடித்தட்டில் தண்ணீர் விட்டு, மேல்மண் காய்ந்த பிறகு மறுபடி விடுங்கள்.

கேள்வி: நாற்றை வெளியே பழக்குவது என்கிறார்களே, அது கட்டாயமா? எனக்கு நேரமே இல்லை.

கட்டாயம். முதல் நாள் நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம், அப்புறம் தினமும் கொஞ்சம் கூட்டி, காலை வெயில், பிறகு முழு வெயில், கடைசி ஒன்றிரண்டு இரவு வெளியே, இப்படி ஏழு முதல் பத்து நாள். நேராக வெயிலில் வைத்தால் இலை காகிதம் மாதிரி வெளுத்துவிடும், அதை நோய் என்று நினைத்து மருந்து அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றும் முக்கியம், காற்றில் ஆடிய தண்டுதான் தடிக்கும். வேலைக்குப் போகிறவர்கள் வடக்குச் சுவரோரம் முழு நிழலில் பகல் முழுக்க வைத்துவிட்டு வந்து உள்ளே எடுக்கலாம். வாங்கிய நாற்றுக்கும் இது வேண்டும், விற்பவர் "பழக்கிவிட்டோம்" என்று தெளிவாகச் சொன்னாலொழிய.

கேள்வி: மூன்று வருடமாக ஹைட்ரேஞ்சியா புதரில் இலை மட்டும்தான், பூவே இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் ஒழுங்காகக் கவாத்து செய்கிறேன்.

ஒழுங்காகச் செய்வதுதான் பிரச்சினை. அகன்ற இலையும் உருண்டைப் பூங்கொத்தும் உள்ள வகை பெரும்பாலும் போன கோடையின் கடைசியிலேயே மொட்டைக் கட்டிக் குச்சியின் நுனியில் வைத்துவிடும், நீங்கள் வசந்தத்தில் வெட்டிப் போடுவது அந்தப் பூக்களை. காய்ந்த குச்சியையும் பழைய பூவையும் மட்டும் எடுங்கள், அதுவும் உயிருள்ள மொட்டுக்கு மேலே. கூம்பு வடிவில் பூக்கும் வகை புதுக்குச்சியில் பூக்கும், அதை இப்போது தாராளமாக வெட்டலாம். லைலாக், ஃபோர்சித்தியா மாதிரி வசந்தத்தில் பூக்கும் புதர்கள் எல்லாமே பூத்து முடிந்த கையோடு வெட்ட வேண்டியவை. எது என்று தெரியாத புதர் இருந்தால் ஒரு வருடம் கத்தரியை ஒளித்து வைத்துவிட்டு எப்போது பூக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: டாஃபோடில் பூத்து முடிந்தது. இலை பார்க்க நன்றாக இல்லை, வெட்டிவிடலாமா? சிலர் முடிச்சுப் போட்டு வைக்கிறார்களே?

வேண்டாம், முடிச்சும் வேண்டாம். அடுத்த வருடப் பூவுக்கான சாப்பாட்டை அந்த இலைதான் கிழங்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. தானாக மஞ்சளாகும்வரை, ஏறக்குறைய ஆறு வாரம், விட்டுவிடுங்கள். பூக்காம்பை மட்டும் கிள்ளலாம்.

கேள்வி: போன வருடத்துக் காய்ந்த தண்டும் சருகும் அப்படியே இருக்கிறது. பூச்சிகள் குளிரைக் கழிக்கும் என்று விட்டுவைத்தேன். இப்போது எடுக்கலாமா?

அடியில் புதுத்துளிர் வரும்போது அதன் மேலிருக்கும் சருகை விலக்கித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அழுகும், நத்தைக்கும் கொண்டாட்டம். விலக்கியதைப் புதரடியில் பரப்பிவிடுங்கள். உள்ளே துளையுள்ள தண்டுகளை ஒட்ட வெட்டாமல் முழங்கால் உயரத்துக்கு விட்டு வெட்டினால் தனித்து வாழும் சிறு தேனீக்கள் கூடு கட்ட வரும். கோடையில் செடி வளர்ந்து அந்தக் குச்சியை மறைத்துவிடும், பார்வைக்கும் உறுத்தாது.

கேள்வி: ஆசையில் முப்பது செடி வாங்கிவிட்டேன். பாத்தி இன்னும் சேறாக இருக்கிறது. என்ன செய்வது?

நட அவசரப்படாதீர்கள், செடி தொட்டியில் இரண்டு மூன்று வாரம் இருக்கும். வெறும் வேராக வந்தவை மட்டும் காத்திருக்காது, அவற்றை இன்றே ஈரமண்ணில் தற்காலிகமாகப் புதைத்து வையுங்கள், ஒரு வாளி மண் போதும். மற்றவற்றைக் காற்றடிக்காத அரைநிழலில் ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். தினமும் தொட்டியைத் தூக்கிப் பார்த்து, எடை குறைந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். மழை பெய்தாலும் பார்க்க வேண்டும், அடர்ந்த இலை குடை மாதிரி தண்ணீரை வெளியே வடித்துவிடும், உள்ளே வேர் காய்ந்து கிடக்கும். குளிரைத் தாங்காதவற்றை ஒரு தனி ட்ரேயில் போட்டுவிட்டால் இரவு உள்ளே தூக்க ஒரே நடை. எங்கள் வீட்டு வாசலில் அப்படி இரண்டு ட்ரே இப்போது நிற்கிறது, தபால்காரர் தாண்டித்தான் வருகிறார்.